காலி என்று எழுதியிருந்த இடம்

ஈஸ்டருக்கு மறுநாள் மலை வெடித்தது.
பட்டப்பகலில் விளக்கேற்றிப் பால் கறந்தோம்.
பால்மேல் ஆடை படியும் இடத்தில்
சாம்பல் படிந்தது.

ஜூனில் புல் முளைத்தது, உள்ளே மணலோடு.
மேய்ந்த ஆடுகளுக்குப் பல் தேய்ந்து
மேய்ச்சலை விட்டு என் கையை நக்கின.
அடுத்த வருடம் கெட்டில் சொன்னான்: கிளம்பலாம்.
நான் சரி என்று சொல்லவில்லை,
மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

ஏஜென்ட் வரைபடம் ஒன்று வைத்திருந்தான்.
ஏரிக்கு நீலம். கரைக்கு வெள்ளை.
வெள்ளையின் நடுவில் ஒரே ஒரு சொல்.
பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
வாசித்துச் சொன்னார்:
காலி.

குதிரை ஏற்றவந்த கப்பல் அது.
நாங்கள் குதிரைகளுக்கும் கீழ்த்தளத்தில்.
இரவெல்லாம் தலைக்குமேல் குளம்புகள்
இடம் மாற்றி மாற்றி நின்றன.

கிளாஸ்கோவில்தான் முதன்முறையாக
அவ்வளவு உயரமான மரத்தைப் பார்த்தோம்.
என் மகள் அர்ன்தீஸ் அதைக் கட்டிப்பிடித்து
அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:
அம்மா, இது எந்தக் கூரையைத் தாங்குகிறது?
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் கடைசியில் வின்னிபெக் ஏரிக்கரையில் இறங்கினோம்.
கொசு. நாணல். புதர்.
புதருக்கு அப்பால்
நான்கு பாத்தி உருளைக்கிழங்கு.
அவசரமில்லாத ஒரு கை
மண்ணை அணைத்துவிட்டிருந்தது.
கைப்பிடி வழுவழுத்துப்போன மண்வெட்டி ஒன்று
மரத்தில் சாய்ந்திருந்தது.
கெட்டில் வரைபடத்தை விரித்தான்.
பார்த்தான். மடித்துப் பைக்குள் வைத்தான்.

தோண்டியது நான்தான்.
பசி என்று சொல்லலாம், பசிதான்.
ஆனாலும் முதல் கிழங்கு கையில் வந்ததும்
சுற்றும்முற்றும் பார்த்தேன்.
காலி இடத்தில்
யார் அப்படிப் பார்ப்பார்கள்?

மூன்றாம் நாள் அவள் வந்தாள்.
குழிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை.
நான் சொன்னது அவளுக்குப் புரிந்திருக்காது,
எனக்கே சரியாகப் புரியவில்லை.
மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.
அது அப்போது
எங்கள் கதவோரம் இருந்தது.

பனிக்கு முன்பே பெரியம்மை வந்தது.
வழியில் யாரோ வாங்கிய சட்டையில்
ஏறி வந்ததாம்.
எங்களில் நூறு பேர், பெயரோடு, வயதோடு.
அவர்களில் எத்தனை பேர் என்று தெரியாது,
பதிவேட்டில் அவர்களுக்குக் கட்டமே போடவில்லை.

டிசம்பரில் தரை இரும்பாய் இறுகிவிட்டது.
நாய்களுக்கு எட்டாத இடம் வேண்டும்.
மே மாதம் வரை
அர்ன்தீஸைக் கூரைமேல் வைத்திருந்தோம்.
தாங்கியது.

பாதையை மறித்துச் சிப்பாய்கள் நின்றார்கள்.
எங்கள் கடிதங்களுக்குப் புகை காட்டி அனுப்பினார்கள்.
தங்கைக்கு எழுதினேன்:
மீன் கிடைக்கிறது. விறகுக்குக் குறைவில்லை.
மகள் போய்விட்டாள்.
ஒன்றுகூடப் பொய் இல்லை.
பாத்திகளைப் பற்றி எழுதவில்லை.

வசந்தத்தில் ஆற்றுக்கு அக்கரைக் குடிசைகளைக் கொளுத்தினார்கள்,
சுகாதாரத்துக்காக.
உள்ளே முன்பு இருந்தவர்களில் அவளும் உண்டா,
அதற்குமுன் எங்கேனும் போய்விட்டாளா?
காற்று இந்தப் பக்கம் திரும்பி
புகை வந்தது.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

அதெல்லாம் ஆகி இருபத்தைந்து வருடம்.
போன சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விழா.
கொடி, காப்பி, பித்தளை வாத்தியம்.
‘இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர்,
ஸ்டெய்ன்வோர் அம்மையார், நாலு வார்த்தை பேசுவார்.’
எழுந்தேன்.
நாங்கள் முதலில், என்று தொடங்கினேன்.
அந்தச் சொல்லைத் தாண்டமுடியவில்லை.

தொண்டை கமறுகிறது பாவம் என்று
முன்வரிசையிலிருந்து யாரோ
ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

குடித்தேன்.
கைதட்டினார்கள்.